கண்ணுக்கு வழிகாட்டத்தான் குரல்

ஹைதராபாத்தில் விமானம் ஓட்டப் பயிலும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

2025 ஜூலை 8 அன்று கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஸ்டைன்பாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு சிறு விமானங்கள் மோதின. ஒன்று செஸ்னா 152, மற்றது செஸ்னா 172. இரண்டும் ஒரே பயிற்சிப் பள்ளியின் விமானங்கள். இரண்டிலும் மாணவர்கள் தனியாகப் பறந்துகொண்டிருந்தார்கள். ஏறுவதும் சுற்றி வந்து இறங்குவதுமாகப் பழகிக்கொண்டிருந்தவர்கள், ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்னால், இருவரும் ஒரே நேரத்தில் இறங்க வந்தபோது மோதி இறந்தார்கள். ஒருவர் கேரளத்திலிருந்து போன மாணவர். அந்த ஓடுதளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இரண்டு விமானங்களிலும் ரேடியோ இருந்தது என்று பள்ளியின் தலைவர் சொன்னார்.

ரேடியோ இருந்தது என்ற அந்தச் செய்திதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நான் இந்த ஊரில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து, செகந்திராபாத்தில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலையில் ஹெட்செட் பையோடு பேகம்பேட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளை நன்றாக அறிவேன். இருநூறு மணி நேரப் பறப்புக்காக வீட்டில் யார் யார் எதை அடகு வைத்திருக்கிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும். 2022 பிப்ரவரி 26 அன்று நல்கொண்டா மாவட்டம் பெத்தவூராவுக்கு அருகே வயலில் விழுந்த பயிற்சி விமானத்தில் இறந்தவர், சென்னையிலிருந்து வந்து தனியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு மாணவி. அது மோதல் அன்று. வேறு வகை விபத்து. ஆனாலும் அதற்குப் பிறகு, தனியாகப் பறக்கப் போகும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தோன்றுகிறது. சொல்ல நினைப்பதில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பழகத் தொடங்கும் வானம் ஓரளவு பாதுகாப்பானது. பேகம்பேட்டில் டவர் இருக்கிறது, சம்ஷாபாத்தில் இருக்கிறது; ஹக்கிம்பேட்டும் துண்டிகல்லும் விமானப்படையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. இறங்கலாம், காத்திரு, இன்னொரு சுற்று வா என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். அந்தக் குரலுக்குக் காது பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் நகரத்தைத் தாண்டி வெளியே போகிறீர்கள். பயிற்சிப் பகுதியில் உங்களையும் இன்னொருவரையும் பிரித்து வைக்க யாரும் இல்லை. பயிற்சிக்கென்று உள்ள சிறு ஓடுதளங்களில் ரேடியோவில் பதில் கிடைத்தாலும், பல இடங்களில் பேசுபவர் கீழே நிற்கும் ஒரு பயிற்றுநராகத்தான் இருப்பார். காற்று எந்தப் பக்கம், யார் யார் மேலே இருக்கிறார்கள் என்று சொல்வார். இடைவெளி காத்துத் தருவது அவர் பொறுப்பும் இல்லை, அவரால் முடிவதும் இல்லை. நாட்டில் இத்தகைய இடங்கள் இனி கூடத்தான் போகின்றன. பெரிய நகரங்களின் நெரிசலுக்கு வெளியே, சேலம், கடப்பா, கலபுரகி போன்ற சிறு விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகள் வர விமான நிலைய ஆணையம் சில ஆண்டுகளாகவே இடம் ஒதுக்கி வருகிறது. டவர் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கும், அங்கிருந்து மீண்டும் இங்குமாக மாறி மாறிப் பறக்கப் போகும் தலைமுறை நீங்கள்.

டவர் இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வீர்கள்: ரேடியோவில் பேச வேண்டும். எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரம், அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். அந்த அறிவிப்பு எதற்காக என்பதில்தான் மீதி இருக்கிறது. நீங்கள் டவுன்விண்டில் இருப்பதாகச் சொல்வது, கேட்பவர் தலையைத் திருப்பி டவுன்விண்டில் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. அவர் ஃபைனலில் இருப்பதாகச் சொல்வது, நீங்கள் அங்கே பார்க்க வேண்டும் என்பதற்காக. குரல் எந்த விமானத்தையும் விலக்கி வைக்காது. எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குச் சொல்லும், அவ்வளவுதான். பார்த்து விலகுவது கண்ணும் கையும் செய்யும் வேலை.

நம் பிள்ளைகளிடம் குரலிலேயே ஒரு சிக்கல் உண்டு. அதை முதலில் பேசிவிடுவோம். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ரேடியோவில் ஆங்கிலம் பேசக் கூச்சம். ரேடியோ உரிமத்துக்கான ஆர்டிஆர் வாய்மொழித் தேர்வுக்குப் பயந்து பயந்து தயாரானவர்கள், தவறாகச் சொன்னால் எல்லோரும் கேட்பார்களே, சீனியர்கள் கேலி செய்வார்களே என்று வாயைத் திறக்கத் தயங்குவார்கள். சிலர் அவசர அவசரமாக, விழுங்கி விழுங்கிச் சொல்வார்கள். ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதா என்று மேலே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இடம், உயரம், எண்ணம் மூன்றும் தெளிவாகக் காதில் விழுந்தால் போதும். சொல் மறந்துவிட்டால் எளிய சொல்லில் சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் உடனே திருத்திச் சொல்லுங்கள். எதிரே வருபவர் பேசியது புரியாவிட்டால், மீண்டும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

புரியாத மொழி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே கொடிய சான்று இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே சவூதி அரேபிய போயிங் 747 ஒன்றும் கஜகஸ்தானின் இலியூஷின் 76 ஒன்றும் மோதி 349 பேர் இறந்தார்கள். வானில் நடந்த மோதல்களில் உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்தது அதுதான். அங்கே கட்டுப்பாட்டாளர் இருந்தார். எதிரே விமானம் வருகிறது என்று கஜக் விமானிகளுக்குச் சொல்லவும் செய்தார். ஆனால் அந்த விமானம், தனக்கு அனுமதித்த 15,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. விசாரித்த நீதிபதி லஹோட்டி ஆணையம், அந்தக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறையையும், ரேடியோ பேசும் வேலை ஓட்டுபவரிடம் இல்லாமல் தனி ஒருவரிடம் இருந்ததையும் சுட்டிக் காட்டியது. அதன் பிறகுதான் பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. உங்கள் செஸ்னா 152-இல் அந்தக் கருவி இல்லை. நீங்கள்தான் அந்தக் கருவி.

சரி, தெளிவாகப் பேசிவிட்டீர்கள். அப்போதும் அடுத்தவர் கேட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். விமான ரேடியோவில் இருவர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இருவர் பேச்சும் கெடும். மற்றவர்களுக்கு ஒரு கீச்சொலிதான் கேட்கும். பேசிய இருவருக்கும் அது தெரியவே தெரியாது. ஒருவர் பழைய அலைவரிசையிலேயே இருக்கலாம். ஒலியளவைக் குறைத்துவிட்டு மறந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, கேட்டும் விட்டிருக்கலாம். கேட்டதன் பொருள் மனத்தில் தைக்காமல் போயிருக்கலாம்.

இந்தக் கடைசி வகைதான் எனக்கு அதிகம் பயம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் மங்களூர் என்று ஓர் ஊர் உண்டு. 2020 பிப்ரவரி 19 அன்று அதன் ஓடுதளத்துக்கு அருகே, பயிற்சியில் இருந்த இரண்டு இரட்டை எஞ்சின் விமானங்கள் மோதி நால்வர் இறந்தார்கள். ஒன்று அங்கிருந்து ஏறிக்கொண்டிருந்தது, மற்றது அங்கே வந்துகொண்டிருந்தது. இரண்டிலும் பயிற்றுநர்கள் இருந்தார்கள். கட்டுப்பாடு இல்லாத வான்பகுதி என்றாலும், தொலைவிலிருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் இரு தரப்புக்கும் மற்றவரைப் பற்றிய தகவலைச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இருவரும் தங்களுக்குள் பேசி வழி பிரித்துக்கொள்ளவில்லை. மோதும் அபாயம் இருப்பதாகவே அவர்கள் உணராததுதான் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கண்டது. காதில் விழுந்த தகவல் கண்ணுக்கும் கைக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு விமானம் இருக்கிறது என்று கேட்டால், அது உங்கள் கண்ணில் படும்வரை, அல்லது அது எங்கே போகிறது என்று நேரடியாகப் பேசி உறுதி செய்யும்வரை, அந்தத் தகவலை முடிந்த கதையாக வைக்காதீர்கள்.

இனி கண்ணுக்கு வருவோம். நல்ல வெயிலில், தெளிந்த வானத்தில் என்ன பயம் என்று நினைப்பீர்கள். சிறு விமானங்களின் மோதல்களில் பெரும்பாலானவை பட்டப்பகலில், நல்ல வானிலையில், ஓடுதளத்துக்கு அருகில்தான் நடந்திருக்கின்றன. எல்லோரும் பறக்கும் வேளை அது. எல்லோரும் வந்து சேரும் இடம் அது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். நீங்கள் 90 நாட் வேகம், எதிரே நேராக வருபவரும் 90 நாட். ஒரு கடல் மைல் இடைவெளி இருபதே விநாடியில் தீர்ந்துவிடும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, மோதும் பாதையில் வருகிறது என்று புரிந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானமும் அசைய மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. அப்படியானால் அவரை நீங்கள் ஏறத்தாழ 1,150 மீட்டருக்கு அப்பாலேயே பார்த்திருக்க வேண்டும். அந்தத் தொலைவில் 11 மீட்டர் இறக்கையுள்ள செஸ்னா 172 முழுநிலவின் அகலம்தான் தெரியும். அதுவும் வட்டமாக இல்லை, அந்த அகலத்தில் ஒரு மெல்லிய கோடாக. மார்கழி, தை மாதங்களில் ஹைதராபாத்தின் காலை மூட்டத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று புரியும்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. உங்களோடு மோதப் போகும் விமானம் கண்ணாடியில் நகராது. இருவரும் வேகமும் திசையும் மாற்றாமல் போனால், அது ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். நகர்வதைப் பிடிக்கும் கண், நிற்பதை விட்டுவிடும். கடைசிச் சில விநாடிகளில் திடீரென்று பெரிதாகும். அப்போது நேரம் இருக்காது. ஆகவே நகரும் புள்ளியைவிட நகராத புள்ளிக்கு அதிகம் அஞ்சுங்கள். கண்ணாடியில் ஓர் அழுக்குப் புள்ளி இருந்தால்கூட அதன் பின்னால் ஒரு விமானம் மறைந்து நிற்க முடியும். ஏறுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வது அழகுக்காக இல்லை.

வானத்தை ஒரே வீச்சாகத் துழாவினால் எதுவும் தெரியாது. கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் உள்ள சில டிகிரிகளை மட்டும்தான். கண் ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவும் மங்கும். பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது நிறுத்திப் பார்த்து நகருங்கள். வெறும் மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகச் சில மீட்டர் தொலைவுக்குக் குவிந்துகொள்ளும். தொலைவில் உள்ளது தப்பிவிடும். அவ்வப்போது தொலைவில் தெரியும் ஒரு குன்றையோ ஏரிக்கரையையோ பார்த்துவிட்டு மீண்டும் வானத்துக்கு வாருங்கள். தக்காணத்தில் குன்றுக்கும் ஏரிக்கும் குறைவில்லை. புதிய விமானங்களில் உள்ள பெரிய திரைகள் அழகானவை. கண்ணை உள்ளே கட்டிப் போடுபவை. ஓடுதளத்தைச் சுற்றும்போது அந்தத் திரைக்கு ஒரு பார்வை, வெளியே பல பார்வை.

நீங்கள் பறக்கும் விமானத்துக்கே சில குருட்டு இடங்கள் உண்டு. செஸ்னாவின் இறக்கை மேலே இருக்கிறது, மேலிருப்பது தெரியாது. திரும்பும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கத்தையே இறக்கை மறைத்துவிடும். அதனால்தான் திரும்புவதற்கு முன் அந்த இறக்கையைச் சற்றே உயர்த்திப் பார்க்கச் சொல்கிறோம். இறக்கை கீழே உள்ள பைப்பர் வகை விமானத்துக்குக் கீழிருப்பது தெரியாது. ஃபைனலில் பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயும் வந்தால், இரண்டு விமானிகளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்த இடத்தில் குரல்தான் காப்பாற்றும். குரலும் கண்ணும் ஒன்றுக்கொன்று துணை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர் விமானத்தைக் கண்டாயா என்று யாராவது கேட்டால், கண்டால் மட்டும் கண்டேன் என்று சொல்லுங்கள். மரியாதைக்காக, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, எப்படியும் அங்கேதான் இருப்பார் என்ற ஊகத்தில் கண்டதாகச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் பயணிகளோடு இறங்க வந்த போயிங் 727, ஒரு செஸ்னா 172-இன் மேல் மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். போயிங் விமானிகள் அந்தச் செஸ்னாவைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். பிறகு அது பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். மறைந்துவிட்டது என்பதைக் கட்டுப்பாட்டாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அனுபவம் மிக்க விமானிகள் அவர்கள். கண்டேன் என்று சொன்ன பிறகு காணாமல் போனால், காணவில்லை என்று மறுபடியும் சொல்லும் துணிவு வேண்டும். தெரியவில்லை என்ற சொல்தான் ரேடியோவில் மிகப் பயனுள்ள சொல். அதைக் கேட்டதும் மற்ற எல்லோரும் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதும் ஒரு வகையில் பேசுவதுதான். இடப்பக்கச் சுற்று, தரையிலிருந்து ஆயிரம் அடி, டவுன்விண்ட், பேஸ், ஃபைனல் என்ற ஒழுங்கு எதற்காக? தேடுகிற கண் தேட வேண்டிய இடம் சுருங்க வேண்டும் என்பதற்காக. ஒருவர் 1,300 அடியில் சுற்றினால், மற்றவர்கள் தேடும் இடத்தில் அவர் இல்லை. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. பேகம்பேட் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 1,742 அடி உயரம். அங்கே சுற்று உயரத்தில் ஆல்ட்டிமீட்டர் ஏறத்தாழ 2,700 காட்டும். நாகார்ஜுன சாகர் அணையின் முழு நீர்மட்டமே 590 அடிதான். அங்கே வலது கரையில் பயிற்சி விமானங்கள் இறங்கும் ஓடுதளம், பேகம்பேட்டைவிட ஆயிரம் அடி அளவுக்குத் தாழ்வு. கைக்குப் பழகிய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போனால், சுற்றில் இருப்பவர்களின் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருப்பீர்கள். மேலிருந்து சுற்றுக்குள் இறங்கவும் செய்வீர்கள். செஸ்னாவில் இருப்பவருக்கு மேலே தெரியாது என்று இப்போதுதான் பார்த்தோம். கிளம்புவதற்கு முன் போகும் இடத்தின் உயரத்தையும் சுற்று உயரத்தையும் தாளில் எழுதித் தொடையில் கட்டிய பலகையில் செருகிக்கொள்ளுங்கள். துண்டிகல் விமானப்படை அகாதெமியின் பிலாட்டஸ் விமானங்கள் பழகும் வான்பகுதியின் எல்லையையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவை உங்களைவிட வெகு வேகமானவை.

நேராக வந்து இறங்குபவர்களைப் பற்றி. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், டவர் இல்லாத ஓடுதளத்தில் ஒரு செஸ்னா 152 சுற்றில் பழகிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று சுற்றுக்குள் வராமல், நேராக இறங்க வருவதாக அறிவித்துவிட்டு மிகுந்த வேகத்தில் வந்தது. இருவரும் ரேடியோவில் பேசினார்கள். 152-இல் இருந்தவர் பின்னால் வருபவரைக் கண்டுவிட்டார். வேகமாக வருகிறீர்கள், நான் இறங்காமல் கோ-அரவுண்ட் போகிறேன் என்றும் சொன்னார். அதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. மூவர் இறந்தார்கள். 340-இன் விமானி 152-ஐப் பார்த்து விலகத் தவறியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. இறங்கும்போது தாழ இருப்பவருக்கு முன்னுரிமை, அதைச் சாக்கிட்டு அடுத்தவருக்கு முன்னால் புகக்கூடாது என்ற விதியையெல்லாம் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். படித்ததை நம்பிக்கொண்டு உரிமையை நிலைநாட்டப் போகாதீர்கள். ஐயம் வந்த அந்த நொடியே விலகிவிடுங்கள். கோ-அரவுண்ட் போனால் பத்து நிமிடப் பெட்ரோல் காசு போகும். அந்தப் பத்து நிமிடத்தைக் குறை சொல்லும் பயிற்றுநரிடம், இந்த மடலைக் காட்டி, பெரியவர் ஒருவர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

கீழே நிற்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஓடுபாதைக்குள் நுழையும் முன் விமானத்தைத் திருப்பி ஃபைனலையும் இரு பக்க பேஸையும் பாருங்கள். நுழைந்து வரிசையில் நின்ற பிறகு முதுகுப் பக்கம் வருபவரைப் பார்க்கவே முடியாது.

எங்கிருந்து யார் வருகிறார் என்று காட்டும் ஏடிஎஸ்-பி ஏற்பிகள் இப்போது கையடக்கமாக வந்துவிட்டன. ஆஸ்திரேலிய மங்களூர் விபத்தை ஆராய்ந்தவர்கள், காக்பிட்டில் அப்படி ஒரு திரையோ எச்சரிக்கை ஒலியோ இருந்திருந்தால் இரு விமானிகளும் அபாயத்தை முன்பே உணர்ந்திருக்கக்கூடும் என்றார்கள். பள்ளிகள் இதில் பணம் போட வேண்டும். பெற்றோரும் சேர்க்கும்போதே கேட்க வேண்டும். கருவி வந்த பிறகும், தன் இருப்பிடத்தை ஒலிபரப்பாத விமானம் அதில் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. ஒரே ஓடுதளத்தையும் ஒரே பயிற்சிப் பகுதியையும் வெவ்வேறு பள்ளிகளின் மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், நீங்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே பறக்கிறீர்கள். ஒருவர் பள்ளியில் ஏரியைச் சொல்லி இடம் குறிப்பார்கள். இன்னொருவர் பள்ளியில் அதே இடத்துக்கு வேறொரு பெயர் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் எங்காவது டீக்கடையில் உட்கார்ந்து வரைபடத்தை விரியுங்கள். எந்த இடத்தை என்ன பெயரால் சொல்கிறோம், சுற்றுக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைகிறோம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் சுற்றில் இருந்தால் புதியவர் வெளியே காத்திருக்க வேண்டும் என்று பேசி, அவரவர் தலைமைப் பயிற்றுநரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். முதல் சந்திப்புக்கு நானும் வருகிறேன். என்னிடம் பழைய வரைபடங்கள் சில இருக்கின்றன.

அன்புடன்,
செகந்திராபாத்திலிருந்து ஒரு பழைய பயிற்றுநர்